வக்கீல் மடியில் வந்த பிள்ளையார்

சங்கரலிங்கம் வக்கீல் இறந்த செய்தியை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பாளையங்கோட்டைப் பேருந்து நிறுத்தத்தில் ஒட்டியிருந்த சுவரொட்டியில் நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். நீளமான ஒரு பெயரை முழுதாகப் படித்துவிட்ட மகிழ்ச்சி முதலில் வந்தது. அது யார் பெயர் என்பது பிறகுதான் உறைத்தது.

இந்த நினைவுக் குறிப்பைப் படிக்கும், அவரோடு பழகிய உங்களுக்கு அவருடைய வழக்குகள் பல தெரியும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதில் நான் எதிர்ப்பக்கம்.

அரசு அலுவலகம் ஒன்றில் காவலாளியாக இருந்தேன். ஆற்றில் கிடைத்த பிள்ளையாரை அலுவலக வாசல் வேம்படியில் வைத்துக் கும்பிட்டு வந்தேன். சில வருடங்களில் தகரக் கொட்டகை வந்தது, ஒலிபெருக்கி வந்தது. திருநீறு பூசிக்கொண்டு உள்ளே போனால் மனு சீக்கிரம் நகரும் என்ற பேச்சும் வந்தது. அகற்றச் சொல்லி வக்கீல் வழக்குப் போட்டார். அவரோ நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர்.

"சாமி எங்கன இருந்தா ஒங்களுக்கு என்னய்யா?" என்று வாசலிலேயே மறித்தேன்.

"ஒங்க வீட்ல இருந்தா ஒண்ணுமில்ல அண்ணாச்சி. இது சர்க்கார் வாசல்லா? மேலப்பாளையத்து பாய் ஒருத்தர் மனுவோட வாராரு. சர்க்கார் யார் பக்கம்னு அவருக்கு ஒரு நிமிசம் சந்தேகம் வந்தாலும் தப்பு. திருநீறு பூச நமக்கு நெத்தி இருக்கு. சர்க்காருக்கு நெத்தி கிடையாது."

"அப்பம் கோயிலை மட்டும் சர்க்கார் பாத்துக்கிடுதே, அது எப்படி?"

சிரித்துவிட்டார். "அதுக்குப் பதில் தெரிஞ்சா நான் ஏன் வே கறுப்புக் கோட்டோட அலையுதேன்? நாடே இன்னும் அதைத்தான் வாதாடிக்கிட்டு இருக்கு."

பிள்ளையாரைக் காப்பாற்றும் தாள் என்று சொல்லி, அலுவலகத்தில் சிலர் ஒரு மனுவில் என் கைநாட்டை வாங்கினார்கள். நீதிமன்ற வராந்தாவில் அதை எனக்குப் படித்துக் காட்டியவர் வக்கீல்தான். அவர் பிள்ளையாரைச் செருப்புக் காலால் மிதித்ததை நான் கண்ணால் கண்டதாக எழுதியிருந்தது.

வழக்குப் போட்ட பிறகும், அந்த வாசலில் செருப்பைக் கழற்றித் தலையில் குட்டிக்கொள்ளாமல் அவர் உள்ளே போனதில்லை. அதைத்தான் நான் கண்டேன்.

"இது ஒங்க ரேகைதான அண்ணாச்சி?" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

நீதிபதியிடம் உண்மையைச் சொன்னேன். பிள்ளையாருக்கு அங்கே இடம் போய்விடும் என்று தெரிந்தேதான் சொன்னேன். அகற்ற உத்தரவு வந்தது. தூக்க யாரும் முன்வரவில்லை. வக்கீலே ஆட்டோ பிடித்து, பிள்ளையாரை மடியில் வைத்துக்கொண்டு என் வீடு வரை வந்தார். "பையப் போப்பா, சாமி இருக்கு" என்று வழியெல்லாம் ஓட்டுநரிடம் சொல்லிக்கொண்டே வந்தார். இறங்கும்போது, "இனிமே படிக்காம எதுலயும் கை வைக்காதீங்க" என்றார். மறுவாரமே முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். இவ்வளவையும் எழுத எனக்கு நான்கு நாளானது. நான்கும் நல்ல நாட்கள்.

அவர் கொண்டுவந்து தந்த பிள்ளையார் என் வீட்டில் இருக்கிறார். அவர் சொன்ன சொல் என் கையில் இருக்கிறது. அவர் வீட்டில் இரங்கல் குறிப்பேடு வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் மகன் கைநாட்டுக்கு மைப்பெட்டி தேடினார். வேண்டாம் என்று பேனாவை வாங்கிக்கொண்டேன். பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படித்தேன். எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. எழுதியிருந்ததெல்லாம் உண்மை. அதன் பிறகுதான் என் பெயரை எழுதினேன்.