பாதி விட்ட கிளட்ச்

"கிளட்ச்சைத் தேய்த்தது நான்தான்."

அன்று நான் சொல்லாமல் விட்டது இந்த ஒரு வாக்கியம். சொல்வதற்கு நான்கைந்து இடங்கள் வந்தன. வந்து, போய்விட்டன...

முதலில் வந்தது வாசனை. கருகிய காகிதமும் சூடான எண்ணெயும் கலந்தாற்போல. தில்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் எங்கள் பிளாக்குக்குக் கீழே பைக்கை நிறுத்திவிட்டு, தம்பி சங்கர் எஞ்சின் பக்கம் குனிந்து முகர்ந்துகொண்டிருந்தான். தீபாவளி முடிந்த வாரம். வானம் வழக்கமான சாம்பல் நிறம்.

"ஃப்ளைஓவர் ஏறவே மாட்டேங்குதுக்கா. எஞ்சின் மட்டும் கத்துது, வண்டி நகரல."

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவன் தில்லிக்கு வெளியே மானேசரில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர வேண்டும். இரண்டு வருடம் அரசுத் தேர்வுகள் எழுதி ஓய்ந்தபின் கிடைத்த முதல் வேலை. முதல் நாள் வராவிட்டால் லிஸ்டில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். மெட்ரோவை நம்பினால் அந்த நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது.

அன்று சனிக்கிழமை. எங்கள் மெக்கானிக் பையா சட் பூஜைப் பண்டிகைக்குச் சொந்த ஊருக்கு, பிகாருக்குப் போயிருந்தார். அவர் மட்டுமா... அந்த வாரம் தில்லியில் பாதி ஷட்டர்கள் இறங்கித்தான் கிடக்கும்.

"நாமளே பண்ணிடலாம்க்கா," என்று சங்கர் மொபைலில் ஒரு வீடியோவைப் போட்டான்.

முதலில் கேபிளைப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, டாப் கியரில் போட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு கிளட்ச்சை விட்டான். நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் அங்கேயே அணைந்துவிட வேண்டும். அணையவில்லை. உறுமிக்கொண்டே இருந்தது.

"பிளேட் கயா... போச்சுக்கா. ஹாஃப் கிளட்ச்லயே ஓட்டினா இப்படித்தான் ஆகுமாம்."

வண்டியில் தொங்கிய சாவியைப் பார்த்தேன். இரண்டு மாதமாக, காலை ஐந்தரைக்கு அவன் தூங்கும்போது சாவியை எடுத்துப்போய், பின்பக்கத்து ரோட்டில் நான் பைக் பழகிக்கொண்டிருந்தேன். யாருக்கும் தெரியாது. "பொம்பளப் பிள்ளைக்கு என்னத்துக்கு பைக்கு? மெட்ரோதான் இருக்குல்லா?" என்று அப்பா ஒருமுறை சொல்லியிருந்தார். மறைத்துச் செய்ய எனக்கு அது போதும். எஞ்சின் அணைந்து நடு ரோட்டில் நின்றால் யாராவது பார்த்துவிடுவார்களே என்ற பயத்தில் கிளட்ச் லீவரை முழுதாக விட்டதே இல்லை. எப்போதும் பாதி அழுத்தியபடிதான்.

சாயங்காலம் சங்கர் கரோல்பாக் கடைத்தெருவுக்குப் போய் புது கிளட்ச் தட்டுகள் வாங்கிவந்தான். அவற்றை மாட்டுவதற்கு முன் ராத்திரி முழுக்க எஞ்சின் ஆயிலில் ஊறப்போட வேண்டும். கைக்குக் கிடைத்தது பழைய பால் பாத்திரம்.

காலையில் அம்மா மூடியைத் திறந்து பார்த்துவிட்டாள். "எலே, எம் பாத்திரத்துல என்னத்தல ஊறப் போட்டிருக்க?"

"உளுந்த வடைம்மா. நடுவுல ஓட்டை தெரியல? கீழ போய்த்தான் சுடணும்."

ஞாயிறு முழுவதும் அதுவே வேலை. ஆயிலை வடித்து, எஞ்சினின் வலப்பக்க மூடியைக் கழற்றினோம். போல்ட்டுகள் ஒவ்வொன்றும் ஒரு நீளம் என்பதால் அட்டையில் மூடியின் படத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் குத்தி வைத்தேன். மூடியின் விளிம்பில் ஒட்டிக்கிடந்த பழைய கேஸ்கெட் காகிதத்தை பிளேடால் சுரண்டினேன். முக்கால் மணி நேரம். விரல் நுனிகள் எரிந்தன. "போதும்க்கா" என்று அவன் சொன்ன பிறகும் சுரண்டினேன்.

ஸ்பிரிங்குகளை எடுத்துவிட்டுத் தட்டுகளை உருவினான். கன்னங்கரேலென்று இருந்தன. நடுவில் இருந்த இரும்புத் தட்டுகள் நீலம் பாரித்திருந்தன.

காய்கறிப் பையோடு வந்த அப்பா நின்றார்.

"என்னல இது, கரிக்கட்ட மாதிரி?"

"ஹாஃப் கிளட்ச்ப்பா... டிராஃபிக்ல..."

"ஒரு வண்டிய ஒழுங்கா வச்சுக்கத் தெரியல. இவன் ஃபேக்டரில போய் மெஷினப் பாத்துக் கிழிச்சிருவான். அச்சா, பண்ணு பண்ணு."

வழக்கமாக அவன் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பான். அன்று தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்பா படியேறிய பிறகு மெதுவாகச் சொன்னான்: "நான் அப்படி ஓட்டுறேன்னு எனக்கே தெரியலக்கா."

நான் வாயைத் திறந்தேன்.

"டீ போடவா?" என்றேன்.

நான்கு மணிக்கு எல்லாம் மாட்டி, புது ஆயில் ஊற்றி, மறுபடி அதே சோதனை. டாப் கியர், பிரேக், கிளட்ச்சை விட்டான். ஒரு குலுக்கல். எஞ்சின் அணைந்தது.

பால்கனியிலிருந்து அம்மா, "அய்யோ, நின்னு போச்சா?"

"நின்னாத்தான்மா சரி!" என்று எண்ணெய்க் கையோடு கத்தினான். இரண்டு நாளில் அப்போதுதான் சிரித்தான். என்னால் சேர்ந்து சிரிக்க முடிந்தது என்பதுதான் இப்போது நினைத்தால்...

திங்கட்கிழமை ஐந்தே காலுக்குக் கிளம்பினான். ஆறே முக்காலுக்கு மெசேஜ் வந்தது: "பஹுஞ்ச் கயா." போய்ச் சேர்ந்துவிட்டான்.

அந்தக் குவார்ட்டர்ஸை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். நான் இப்போது கியர் இல்லாத ஸ்கூட்டியில் ஆபீஸ் போய்வருகிறேன். ரிப்பேர் என்றால் ஆப்பில் சொன்னால் போதும், யாரோ வந்து எடுத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். சாயங்காலம் வீடு திரும்பும்போது இருக்கும் அலுப்பில் அது வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் தம்பியோடு ஒரு பகல் முழுக்கத் தரையில் உட்கார்ந்தது அதுதான் கடைசி. இப்போது வீடியோ காலில் ஐந்து நிமிடம். "சாப்டியா?" "ம், நீ?"

வேலைக்குச் சேர்ந்த ஒரு மாதத்தில் சங்கர் மானேசரிலேயே ரூம் எடுத்துக்கொண்டான். பைக்கை எடுத்துப் போகவில்லை. "எனக்கு ஓட்ட வராதுப்பா, வித்துருங்க" என்றான். டிசம்பரில் விற்றோம். இன்றுவரை அவன் கம்பெனி பஸ்ஸில்தான் போகிறான்.