சரிந்துபோன சட்டகம்

சனிக்கிழமை காலை 10.40. திருச்சியில் ஏறி, கோலாலம்பூரில் மாறி, பினாங்கில் இறங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. தோளில் லென்ஸோடு சேர்த்து நாலரைக் கிலோ கேமரா. பெட்டியிலோ மூன்று கிலோவுக்கு மேல் தாங்காத, பயணத்துக்கான கேமரா ஸ்டாண்டு. என் மனைவி நண்பர் வீட்டுக்குக் கட்டிக்கொடுத்த முறுக்கால் பெட்டியின் எடை எல்லை மீறியது. கனமான ஸ்டாண்டை வீட்டிலேயே விட்டுவிட்டேன். தொண்டைப் புற்றுநோய்க்காரருக்கு முறுக்கு சுமந்துபோன புத்திசாலி உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நண்பர் பெயர் அருள். கப்பல் அலுவலகமொன்றில் குமாஸ்தா. வேளாங்கண்ணிக்கு வந்த அவர் குடும்பத்தை ஒருமுறை படமெடுத்துக் கொடுத்தேன். அன்று தொடங்கிய பழக்கம். திங்கட்கிழமை அவருடைய குரல்வளையை எடுக்கப்போகிறார்கள். மூன்று மாதத்தில் மகள் ஜெனிக்குக் கல்யாணம். இங்கே கல்யாண விருந்தில் பெண்ணின் அப்பா மேடையேறிப் பேசுவது வழக்கம். அந்தப் பேச்சை இப்போதே எடுத்துவைக்க என்னை அழைத்திருந்தார். போனில் எடுத்தால் போதாதா என்று கேட்டதற்கு, "டின்னர் ஹால்ல பெரிய ஸ்கிரீன்லா அண்ணே. முகம் தெளிவா தெரியணும்" என்றார்.

விமான நிலையத்திலிருந்து ஜெலுத்தோங்கில் உள்ள அவர் வீட்டுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர்; காருக்கு மலேசியக் காசில் இருபத்தெட்டு வெள்ளி. கதவைத் திறந்த அருள் பாதியாக இளைத்திருந்தார். முறுக்குப் பொட்டலத்தை அவர் முகர்ந்து பார்த்துவிட்டு மனைவி ஸ்டெல்லாவிடம் கொடுத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

ஞாயிறு காலை 9.00. ஸ்டாண்டின் நடுத்தண்டில் பாரம் கட்டித் தொங்கவிட்டால் கால்கள் அசையாது. பஸ் பிடித்து லிட்டில் இந்தியா போனேன். மார்க்கெட் ஸ்ட்ரீட் மளிகைக் கடையில் ஐந்து கிலோ அரிசி கேட்டேன்.

"என்ன அரிசி வேணும் அண்ணே?"

"எது கனமோ அது."

கடைக்கார அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அஞ்சு கிலோன்னா எல்லாம் அஞ்சு கிலோதான்லா!"

சிரித்தேன். இந்தப் பயணத்தில் நான் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

11.30. பூசைக்குப் போய்வந்த அருள், வெள்ளைச் சட்டையும் கைலியுமாக நாற்காலியில் உட்கார்ந்தார். "மேலதானே தெரியும்?" என்றார். அரிசிப் பையைத் தொங்கவிட்டேன். ஸ்டாண்டின் உச்சியில் கேமராவைப் பிடிக்கும் தலையின் திருகைக் கைவலிக்க முறுக்கினேன். முகத்தைச் சட்டகத்துக்குள் நிறுத்திப் பதிவை ஓடவிட்டேன்.

"ஜெனி, அப்பா பேசறேன்மா. நீ இத பாக்கறப்ப நான் பக்கத்துலதான் உக்காந்திருப்பேன். வாய் மட்டும் லீவு."

அதற்குமேல் என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை. ஜன்னல் வழியே பினாங்குப் பாலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தொழில் தெரிந்தவன் செய்யக்கூடாத காரியம். பதினொரு நிமிடம் கழித்து அவர் முடித்ததும் கேமராவைப் பார்த்தேன். திரையில் முகம் இல்லை. மடி மட்டும் இருந்தது.

ஸ்டாண்டு விழவில்லை, கால்கள் ஆடவும் இல்லை. லென்ஸின் கனம் தாங்காமல் தலை மட்டும் மயிரிழை மயிரிழையாக முன்னால் கவிழ்ந்திருக்கிறது. விழாமல் இருக்க வழி செய்த நான் சரிவதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

விஷயத்தைச் சொன்னேன். மறுபடி பேச அருள் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. ஒரு குவளை வெந்நீருக்குப் பிறகும் காற்றுதான்.

ஸ்டெல்லாவையும் கூப்பிட்டு மூவரும் பதிவைப் போட்டுப் பார்த்தோம். இரண்டாவது நிமிடத்தில் நெற்றி போனது. நாலாவதில் மோவாய் மட்டும். பிறகு கைகள். "அப்பாவுக்குப் பயமே இல்லம்மா, சிரிச்சிக்கிட்டேதான் ஆபரேஷனுக்குப் போறேன்" என்று குரல் தெளிவாகச் சொல்கிறது. கைகளோ கைலியைப் பிடித்துக் கசக்குகின்றன, விடுகின்றன, நடுங்கிக்கொண்டே மறுபடி பிடிக்கின்றன.

அருள் எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றார்.

"என்கிட்டயும் பயமில்லன்னுதானே சொன்னீங்க?" என்றார் ஸ்டெல்லா. பக்கத்தில் போய் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பிறகு என்னிடம், "ஒண்ணும் வெட்டாதீங்க அண்ணே. ஜெனியும் பாக்கட்டும்" என்றார். அருள் வேண்டாம் என்று தலையாட்டவில்லை.

மாலை 5.00. அவரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு விமான நிலையம் போனேன். ஊரில் கல்யாண மேடைகளில் பெண்ணைப் பெற்றவர்களைப் பார்த்து, "கொஞ்சம் சிரிங்க சார்" என்று அதட்டுவது என் பழக்கம். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். கைகளை எங்கே வைத்துக்கொண்டு சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. என் படங்கள் எல்லாமே மார்போடு முடிந்துவிடும்.