நல்லி எலும்பு சூப்பும் ரத்தச் சோதனையும்

ரத்தம் எடுக்கும் தொழிலில் ஊசி ஏற்றுவது சின்ன வேலை. வந்தவர் காலையில் என்ன சாப்பிட்டார் என்ற உண்மையை எடுப்பதுதான் பெரிய வேலை. என்னைப்போல் ஊசியோடு மாரடிக்கும் சகபாடிகளே, உங்களுக்கு நான் சொல்லியா தெரியவேண்டும்.

எலும்புக்குப் பஞ்சமில்லை

கல்லடியிலிருந்து பஸ் பிடித்து வந்து ஏறாவூரில் ஒரு சின்னப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். பக்கத்து இறைச்சிக்கடைக்காரரை எல்லோரும் காக்கா, அதாவது அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒருநாள் மனைவி றஹீமாவைக் கூட்டி வந்தார். கர்ப்பப்பைக் கட்டியை எடுக்க வேண்டும்; ரத்தத்தில் ஹீமோகுளோபின் பத்துக்கு வந்தால்தான் ஒப்பரேஷன் என்று டொக்டர் சொல்லிவிட்டார். றஹீமாவுக்கு இருந்தது எட்டு. டொக்டர் தந்த இரும்புக் குளிசையை ஒழுங்காகப் போடச் சொன்னேன்.

காக்கா சிரித்தார். ரத்தம் ஊறுவது எலும்பு மச்சையில், ஆகவே நல்லி எலும்பு சூப் குடித்தால் போதும் என்பது அவருடைய வைத்தியம். குடித்த மச்சை நேரே மச்சைக்குப் போகாது, கொழுப்பு அளவுக்கு மிஞ்சினால் மச்சைக்குள்ளும் கொழுப்பு ஏறி ரத்தம் ஊறுவதே கெடலாம் என்று எனக்குத் தெரிந்த மட்டும் விளக்கினேன்.

"என்ட கடையில எலும்புக்கா மிஸ் பஞ்சம்?" என்றார்.

பத்து தசம் மூன்று

ஒப்பரேஷனுக்கு மூன்று நாள் இருக்கும்போது மறுபடி எடுத்தேன். சீனிச் சோதனையும் இருந்ததால் வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தேன். மெஷின் பத்து தசம் மூன்று காட்டியது. காக்கா கடைக்கு ஓடி எல்லோருக்கும் சொல்லிவிட்டார். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை, றஹீமாவின் முகம் முன்பு போலவே வெளுத்திருந்தது. குழாயை நிறுத்தி வைத்துப் பார்த்தேன். மேலே தெளிய வேண்டிய நீர் தேங்காய்ப்பால் போல நின்றது. ரத்தத்தில் கொழுப்பு மிதந்தால் ஒளியை வைத்து அளக்கும் மெஷின் ஏமாந்து கூட்டிக் காட்டிவிடும்.

திரும்பி வந்த காக்காவுக்குக் குழாயைக் காட்டி, றஹீமா காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டேன். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று சாதித்தார். இந்தத் திகதி போனால் அடுத்தது மூன்று மாதத்துக்குப் பிறகுதான், பத்து தசம் மூன்று போட்ட பேப்பரைத் தாருங்கள் என்று கெஞ்சினார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பேப்பரை நம்பிக் கத்தி வைத்தால் மேசையில் கிடக்கப்போவது றஹீமா. தர மாட்டேன் என்றேன். அப்போதுதான் றஹீமா வாயைத் திறந்தார்.

"சுபஹுத் தொழுகைக்குப் பொறகு ரெண்டு கோப்பை சூப் தந்தாரு மிஸ். சூப் இரிக்கக்குள்ள குளிசை என்னத்துக்கு எண்டு அதையும் எடுத்து வெச்சிட்டாரு."

முகம் கொடுக்காத மூன்று மாதம்

மறுநாள் உண்மையான வெறும் வயிற்றில் எடுத்தபோது எட்டு தசம் ஆறு. திகதி போய்விட்டது. காக்கா என்னைக் கண்டால் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். கட்டியோடு அந்த மனுசி இன்னும் எத்தனை நாள் கஷ்டப்படுவாரோ என்று எனக்கும் உள்ளுக்குள் குற்ற உணர்ச்சி. நல்லவேளை, றஹீமா குளிசைப் போத்தலைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

புதுத் திகதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது இருவரும் வந்தார்கள். மெஷின் பதினொன்று காட்டியது. பேப்பரை நீட்டினேன், காக்கா கை நீட்டவில்லை.

"பேப்பர் கிடக்கட்டும் மிஸ். முதல்ல அந்தக் குழாயக் காட்டுங்க."

ஊசியைக் கண்டு அழுத ஆண்கள் எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. குழாயில் தெளிந்து நின்ற மஞ்சள் நீரைக் கண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டவர் இவர் ஒருவர்தான்.