தம்பி முதல்முறையாக மறுபடியும் நடந்த நாள்

என் தம்பி எதையும் ஒரே ஒரு தடவை முதன்முதலாகச் செய்தவன் இல்லை. குப்புற விழுந்தது, வாசற்படி தாண்டியது, எழுந்து நடந்தது எல்லாமே அவனுக்கு இரண்டிரண்டு தடவை முதல்முறையாக நடந்தன. பகலில் எங்களுக்காக ஒன்று, பிறகு அம்மாவுக்காக ஒன்று. இந்தச் சாதனையின் முழுப் பெருமையும் அத்தையையே சேரும்.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. இருங்காட்டுக்கோட்டையில் ஹைவேயிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. அப்பா கம்பெனி பஸ் ஓட்டினார். ஊரில் எல்லோரும் ஷிப்டுக்குக் கிளம்பும் முன்பே அவர் கிளம்பவேண்டும், எல்லோரையும் வீடு சேர்த்த பிறகுதான் அவர் வீடு சேர முடியும். அத்தை அப்பாவுக்கு அக்கா. முன்னறையில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டு எங்களோடுதான் இருந்தாள். மாடியில் ஷீட் போட்ட ஒற்றை அறையில் சங்கரன்கோவில் பக்கத்து அண்ணன் ஒருவர் வாடகைக்கு இருந்தார். இரவு ஷிப்ட் முடித்து வந்து பகலெல்லாம் தூங்கப் பார்ப்பார். எங்கள் வீட்டில் அது நடக்கிற காரியமா?

அம்மாவுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் வேலை. நான் பிறந்தபோது என்னைப் பார்த்துக்கொள்ள அந்த வேலையை விட்டவள், நான் பள்ளிக்கூடம் போன பிறகு அலைந்து திரிந்து மறுபடி சேர்ந்து, தம்பி வயிற்றில் இருந்தபோதுதான் லைன் லீடர் ஆனாள். மற்றவர்களுக்குக் கழுத்து அட்டை சிவப்புப் பட்டையில் தொங்கும், லைன் லீடருக்கு நீலப் பட்டை. கண்ணாடிக்கு முன்னால் அதை மாட்டிப் பார்த்து அவள் தனியாகச் சிரித்துக்கொண்டதை நான் கதவிடுக்கில் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் பிரசவ லீவு மூன்று மாதம்தான். அது முடிந்து வேலைக்குக் கிளம்பிய அன்று, தம்பியைக் கீழே விட மனமில்லாமல் வாசலிலேயே நின்றாள்.

"அண்ணி, இவன் மொதமொதல்ல குப்புற வுழறது, நடக்கறது எதையாச்சும் நான் பாக்காம வுட்டேன்னு வெச்சிக்கோங்க, அந்த வேலையே எனக்கு வாணாம். வூட்லயே குந்திக்குவேன்."

சொன்னால் செய்கிறவள். ஒரு தடவை செய்தும் காட்டியிருக்கிறாள். அம்மாவின் பஸ் போனதும் அத்தை மிஷினை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"ஒருவாட்டி வுட்ட வேலைய திரும்பப் புடிக்க உங்கம்மா பட்ட பாடு எனக்குத் தெரியும். இந்தப் பய இன்னா பண்ணாலும் மொதல்ல அவ கண்ணுலதான் படணும். நாம பாத்துட்டா, பாக்காத மாரி இருக்கணும். புரியுதா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் ரகசியம் என்றாலே எனக்கு உடம்பெல்லாம் குறுகுறுக்கும். பலமாகத் தலையாட்டினேன்.

இன்னொரு காரணமும் உண்டு. தம்பி புதிதாக எதைச் செய்தாலும் எங்கள் வீட்டில் ஒரு பலகாரம் செய்வது வழக்கம். குப்புற விழுந்தால் வடை, படி தாண்டினால் பாயசம், நடந்தால் அதிரசம். ஆகவே அவனுடைய வளர்ச்சியில் எனக்குச் சொந்த அக்கறை இருந்தது. அதிரசம் என்றால் எனக்கு உயிர். தீபாவளிக்கு அதற்குப் பாகு வைப்பது அம்மா ஒருத்திதான், தெருவே அவளிடம் வந்து பதம் கேட்டுப்போகும். எனக்குத் தின்பது தவிர அதைப்பற்றி வேறெதுவும் தெரியாது.

முழுப்பரீட்சை லீவில் ஒரு காலை, பாயில் மல்லாந்து கிடந்த தம்பி முக்கினான், முனகினான், காலை வீசினான், பொத்தென்று கவிழ்ந்தான். "வுழுந்துட்டாண்டீ என் சிங்கம்!" என்று அத்தை போட்ட சத்தத்தில் மாடி அண்ணன் எழுந்து ஓடிவந்துவிட்டார். அடுத்த நொடியே அத்தை தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு தம்பியைப் புரட்டி மல்லாக்கப் போட்டாள். கற்ற வித்தையைக் காட்டாமல் இருப்பானா அவன்? மறுபடி கவிழ்ந்தான். இரண்டு பக்கமும் தலையணை வைத்து அணை கட்டினோம். "இரு ராஜா, சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்க" என்று அத்தை அவனிடம் கெஞ்சினாள். அன்று லீவில் வீட்டிலிருந்த அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது, முகமே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அம்மா வரும் நேரத்துக்கு அவரை எண்ணெய் வாங்கக் கடைக்கு அனுப்பிவிட்டாள்.

அம்மா வந்து முகம் கழுவி உட்கார்ந்தாள். நான் மெல்லத் தலையணையை இழுத்துவிட்டுக் கிலுகிலுப்பையை ஆட்டினேன். தம்பி மின்விசிறியைப் பார்த்தான். இன்னும் வேகமாக ஆட்டினேன். இன்னும் கவனமாக மின்விசிறியைப் பார்த்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் அம்மா முத்தம் கொடுக்கக் குனிந்தபோது, அவள் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பிடிக்கப் போய்க் கவிழ்ந்தான். அம்மா கத்திய கத்தலில் மாடி அண்ணன் மறுபடியும் ஓடிவந்தார்.

"யக்கா, மறுபடியும் விழுந்துட்டானா?"

அத்தைக்கு அப்போது வந்த இருமல் போல ஒரு இருமலை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. இருமிக்கொண்டே அடுப்படிக்குள் போனவள், கொஞ்ச நேரத்திலேயே சூடாக வடையோடு வந்தாள்.

"அதுக்குள்ளவா?" என்றாள் அம்மா.

"நைட்டு தோசைக்கு உளுந்து ஊற வெச்சிகினு இருந்தேன்" என்றாள் அத்தை, கண்ணைக்கூட இமைக்காமல்.

படி தாண்டியதும் அப்படித்தான். ஒரு சனிக்கிழமை தம்பி தவழ்ந்துபோய் வாசற்படி தாண்டி மாடி அண்ணனின் செருப்பைக் கவ்விவிட்டான். சாயங்காலம் அதே செருப்பைக் கழுவித் துடைத்து அதே இடத்தில் வைத்தோம். அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் நேராக அதை நோக்கிப் போனான். "தெனம் போறவன் மாரியில்ல போறான்!" என்று அம்மா ஆச்சரியப்பட்டாள். நாங்களும் சேர்ந்து ஆச்சரியப்பட்டோம்.

நடை மட்டும் எங்களைப் பாடாய்ப் படுத்திவிட்டது. அரைப்பரீட்சை லீவு, புதன்கிழமை. தையல் மிஷினைப் பிடித்து நின்றவன் கையை விட்டான், தள்ளாடினான், ஒரு காலை எடுத்து வைத்தான், இன்னொன்று, இன்னொன்று, என் மேல் வந்து விழுந்தான்! நானும் அத்தையும் குதித்த குதியில் மிஷினே ஆடியது. மாடிப்படியிலிருந்து பார்த்த அண்ணன், "யக்கா, பய நடந்துட்டாம்லா!" என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களோடு ஆடினார். அத்தை அன்றைக்கே அரிசியை ஊறப்போட்டு, உலர்த்தி இடித்து, வெல்லப் பாகு காய்ச்சி மாவு பிசைந்து ஒரு தூக்கில் அடைத்தாள். அம்மா கண்ணில் படாமலிருக்க அந்தத் தூக்கு மாடி அண்ணனின் கட்டிலுக்கடியில் போனது. "வெல்ல மணத்துல தூக்கமே வரமாட்டேங்கு" என்று பாவம் அவர் புலம்பினார்.

ஆனால் அந்த வாரம் அம்மாவுக்குத் தினமும் ஓ.டி. அவள் வரும்போது தம்பி தூங்கியிருப்பான். வியாழன் போனது, வெள்ளி போனது. சனிக்கிழமை அம்மா வந்து, தூங்குகிற தம்பியின் பாதத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"நின்னுகினு கீறான் இல்ல, இன்னிக்கோ நாளிக்கோ நடந்துடுவான். நான் லைன்ல நின்னுகினு இருப்பேன். இந்த வேல வாணாம் அண்ணி. திங்கக்கெழம சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டு வந்துடறேன்."

அட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். எப்போதும் போல் துடைத்து மாட்டவில்லை. அத்தை என்னைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில். தம்பியை மிஷினருகே நிற்கவைத்தோம், உட்கார்ந்துவிட்டான். கிலுகிலுப்பை, செருப்பு, வாழைப்பழம், எதற்கும் அசையவில்லை. அத்தை தாளம் போட்டாள், அண்ணன் விசிலடித்தார், அப்பா வழக்கம்போல் எண்ணெய் வாங்கப் போயிருந்தார். தம்பி எங்கள் எல்லோரையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே வேடிக்கை பார்த்தான். பொழுது சாய்ந்துவிடும் போலிருந்தது. அப்போதுதான் எனக்கு முதல் வடை ஞாபகம் வந்தது. ஓடிப்போய் ஆணியிலிருந்த அட்டையை எடுத்துவந்து அம்மா கழுத்தில் மாட்டினேன். "இன்னாடி இது, லீவு அன்னிக்கு?" என்றாள். நீலப் பட்டையைப் பிடித்து ஆட்டினேன்.

தம்பி எழுந்தான். கையை விட்டான். அட்டையையே பார்த்தபடி, குடித்தவன் போல் தள்ளாடித் தள்ளாடி, அறையின் பாதியைக் கடந்து, அம்மா மடியில் விழுந்து அட்டையை வாயில் வைத்துக்கொண்டான். அவனை இறுக்கிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். அத்தையும் அழுதாள். நான் கத்திக்கொண்டே தெருக்கோடி வரை ஓடிப்போய்த் திரும்பினேன்.

திரும்பி வந்தபோது அத்தை வெற்றி வீராங்கனையாகத் தட்டோடு நின்றாள். எண்ணெய் வடியும் அதிரசங்கள். அம்மா ஒன்றை எடுத்து இரண்டாகப் பிட்டாள். உள்ளே உற்றுப் பார்த்தாள், முகர்ந்தாள். பிறகு அத்தையை வெகுநேரம் பார்த்தாள்.

"மாவு நல்லா பதப்பட்டுகீது அண்ணி" என்றாள்.

"உன் அளவுக்கு வருமா?" என்று அத்தை பூரித்துப் போனாள்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. நான் சொல்லித்தான் ஆகவேண்டும். "அம்மா, தம்பி புதன்கெழமையே" என்று வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்குள் அம்மா முழுப் பாதி அதிரசத்தையும் திணித்துவிட்டாள். மென்று விழுங்கி முடிப்பதற்குள் சொல்ல வந்தது மறந்து, அடுத்த பாதிக்குக் கை நீட்டினேன். அம்மாவுக்கு என் மேல் எத்தனை ஆசை என்று பெருமையாக இருந்தது. மறுநாள் காலை அம்மா அட்டையைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மிச்ச அதிரசங்களைத் தன் லைன்காரர்களுக்கு டப்பாவில் அடைத்துக்கொண்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

போன தீபாவளிக்குத்தான் நான் முதன்முதலாக அதிரச மாவு பிசைந்தேன். உடனே சுடலாமா என்று கேட்டதற்கு அத்தை என் தலையில் குட்டினாள். "மூணு நாளாச்சும் ஊறணும்டி. உடனே போட்டா எண்ணெயில பிரிஞ்சி பூடும்." அன்று அதிரசத்தைப் பிட்டு அம்மா உள்ளே உற்றுப் பார்த்தது ஞாபகம் வந்து, மாவுக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அத்தை அடுத்த அறையைக் கண்ணால் காட்டிவிட்டு என் காதருகே குனிந்து, "உன் தம்பி நடந்த கதை உங்கம்மாவுக்கு இன்னிவரைக்கும் தெரியாது பாரு" என்று கிசுகிசுத்தாள்.

நிமிர்ந்து பார்த்தேன். அம்மா கதவருகே நின்றிருந்தாள். நான் வாயைத் திறந்தேன். அம்மா என்னைப் பார்த்தாள்.

மூடிக்கொண்டேன். இந்தத் தடவை அதிரசம் தேவைப்படவில்லை.