பழனி பேருந்து இங்கே வராது

நான் எழுதியதைத் தப்பு என்று யாராவது சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். அன்று அப்படிச் சொன்னது ஆசிரியரின் விடைக்குறிப்பு.

திண்டுக்கல்லில் ஒரு மாடியில் நடந்த அரசுத் தேர்வுப் பயிற்சி வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். மாதிரித் தேர்வில் முதலாவதாக வருகிற ஒருவருக்கு மட்டும் மேற்கொண்டு இலவசமாகப் படிக்க இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். கிடைக்காவிட்டால் நான் நூல் மில்லுக்கு வேலைக்குப் போக வேண்டும். வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். என் தோழிக்கும் அதே கதைதான். அவள் பழனிக்குப் போகிற வழியில் ஆயக்குடிக்காரி, நான் சேவுகம்பட்டி. ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுவோம், அந்த ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்வோம். தேர்வில் அவள் முதலாவது. ஒரு மதிப்பெண் குறைந்து நான் இரண்டாவது.

பொதுமக்களுக்குத் தெளிவாகப் புரியும் அறிவிப்பு எது என்ற கேள்வியில்தான் எனக்கு அடி. கொடுத்திருந்த நான்கில் இரண்டு வெறும் உளறல். அவள் தேர்ந்தெடுத்தது இது: ‘பழனி மார்க்கத்தில் இயக்கப்பட்டு வரும் பேருந்துகள், பராமரிப்புப் பணிகள் நிறைவடையும் வரை, மேற்கு முனையில் அமைந்துள்ள தற்காலிக நிறுத்தத்திலிருந்து இயக்கப்படும் என்பது இதன்மூலம் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.’ நான் தேர்ந்தெடுத்தது: ‘பழனி பேருந்து இங்கே வராது. மேற்குக் கடைசியில் நிற்கிறது.’

விடைக்குறிப்பு அவள் பக்கம்.

“சார், அத வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள பஸ்ஸே போயிரும்” என்றேன்.

ஆசிரியர் சிரித்தார். “அதுலதான் எல்லா வெவரமும் இருக்கு. பஸ் ஸ்டாண்டுத் தூண்ல ஒட்டியிருக்கறதப் பாத்துத்தான் இந்தக் கேள்வியே எடுத்தேன். உன்னோடதுதான் தெளிவுன்னா நிரூபிச்சுக் காட்டு. மார்க்க மாத்துறேன்.”

அவ்வளவு போதாதா எனக்கு! சாயங்காலம் வகுப்பு விட்டதும் அவளை இழுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு விரைந்தேன். தூணில் அந்த அறிவிப்பு இருந்தது. அதன் நேர் கீழே, பையும் பிள்ளையுமாக ஒரு பெருங்கூட்டம் பழனி பேருந்துக்குக் காத்துக்கொண்டிருந்தது. மேற்குக் கடைசியிலோ பழனி பேருந்து புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது.

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

“நீ கத்துனா உன் வாக்கியத்துக்கு மட்டும் தொண்ட பெருசாயிரும். நானே வாசிக்கிறேன். ரெண்டையும்.”

அவள் குரல் கணீரென்று இருக்கும். ஆனாலும் எனக்குத் திக்கென்றது. தன் வாக்கியத்தை முழங்கிவிட்டு என்னுடையதை மென்று முழுங்கிவிட்டால்?

தூணருகே போய் நின்று, தூணில் இருந்ததை வரி விடாமல் உரக்க வாசித்தாள். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். கொய்யாக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, “என்னத்தா, கோயிலு வசூலா?” என்று கேட்டார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். மூச்சை இழுத்துக்கொண்டு அதே குரலில், “பழனி பேருந்து இங்கே வராது. மேற்குக் கடைசியில் நிற்கிறது” என்றாள்.

அப்பப்பா! கூட்டம் அப்படியே எழுந்தது. “அடியாத்தி, அங்கிட்டா நிக்கிது?” என்று கூடை தலைக்கு ஏறியது. பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பெண்கள் ஓடினார்கள். ஒருவர் செருப்பு ஒன்றை விட்டுவிட்டு ஓடி, திட்டிக்கொண்டே திரும்பி வந்து எடுத்துப்போனார். நான் கைதட்டிக் குதித்தேன். அது அவளுடைய பேருந்தும்தான். கூட்டத்தோடு அவளும் ஓடி ஏறிக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் வகுப்பில் நடந்ததை மூச்சு விடாமல் சொன்னேன். ஆசிரியர் பாதிதான் நம்பினார். அவள் பக்கம் திரும்பி, “ரெண்டையும் ஒரே சத்தமாத்தான் வாசிச்சியா?” என்று கேட்டார்.

வகுப்பு முழுக்க அவளையே பார்த்தது. கொஞ்சம் முன்னே பின்னே இருந்திருக்கும் சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இடம் அவளுக்கு.

“ஒரே சத்தந்தானுங்க சார்” என்றாள். “நான் எழுதுனதுக்கு ஒருத்தரும் அசையலீங்க.”

ஆசிரியர் பேனாவை எடுத்து இரண்டு விடைத்தாள்களையும் திருத்தினார். நான் முதலாவது, அவள் இரண்டாவது. இருக்கையில் உட்கார்ந்தபோது எனக்குச் சந்தோஷத்தோடு அழுகையும் முட்டிக்கொண்டு வந்தது. அவளை எப்படிப் பார்ப்பது என்று குனிந்துகொண்டேன்.

அவள் என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். அவள் கண் கலங்கித்தான் இருந்தது.

“ஏண்டி, நேத்து பஸ்ஸுல ஒரு எடம் காலியில்ல, தெரியுமா? நான் சொல்லி அம்புட்டுப் பேரும் வந்து ஏறிட்டாங்கடி!” என்றாள்.