எரிந்த போர்டில் இரண்டு ஈயப் புள்ளிகள்

போன மாதம் பங்காருபாளையத்திலிருந்து ஒரு போன். மாம்பழக்கூழ் ஃபேக்டரி மேனேஜர் நாகராஜ்.

"சார், நீங்க செஞ்சி குடுத்த கன்ட்ரோல் போர்டு எரிஞ்சிபோச்சி. ஆளுங்க கையாலதான் ஸ்டீம் வால்வைத் திருகிக்கினு இருக்காங்க. வெளியே லாரிங்க வரிசையா நிக்குது. பழம் தாங்காது சார்!"

கூழைச் சூடாக்கும் தொட்டிக்கு எவ்வளவு நீராவி போகவேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் சர்க்யூட் போர்டு அது. பதினெட்டு வருஷத்துக்கு முன் நான் டிசைன் செய்தது.

ஒரிஜினல் டிசைன்? பழைய கம்ப்யூட்டரோடு போய்விட்டது. மிச்சம் இருந்தது, போர்டு தயாரித்த கம்பெனிக்கு அன்று மெயிலில் அனுப்பிய ஃபைல்கள் மட்டும். அவை வெறும் படங்கள். செம்புக் கோடு எங்கே ஓடுகிறது, துளை எங்கே விழுகிறது — அவ்வளவுதான். எந்தக் கோடு எதற்கு? சொல்லாது!

அதையே மறுபடி அனுப்பலாமே என்பீர்கள். அதில் இருந்த சிப் இப்போது வருவதே இல்லை. வேறு சிப் பொருத்த, படத்தைப் பார்த்து சர்க்யூட்டையே திரும்ப எழுதவேண்டும்.

திருப்பதியில் எங்கள் சின்ன ஆபீசில் நானும் பார்ட்னர் ஸ்டெல்லாவும் உட்கார்ந்தோம். ஒவ்வொரு கோடாகப் பிடித்துக்கொண்டு போய்... இரண்டு நாளில் முடித்தோம். நடுவில் மணிக்கொரு தடவை நாகராஜ் போன். ஃபைலை அனுப்ப மவுஸில் விரல் வைத்தேன்.

"சார், ஒரு நிமிஷம்."

நாகராஜ் கொடுத்தனுப்பிய எரிந்த போர்டைத் திருப்பிப் பிடித்திருந்தார் ஸ்டெல்லா. "அடியில ரெண்டு இடத்துல ஈயம் தனியா இருக்குது. ஒயர் இருந்து எரிஞ்சிபோயிருக்குது. நம்ம ஃபைல்ல இங்க கோடே இல்லையே?"

"எவனாவது ரிப்பேர்காரன் வச்சிருப்பான். டைம் இல்ல ஸ்டெல்லா!"

"சூடு ஓவரானா ஸ்டீமை நிறுத்துற லைன் சார் இது. இது இல்லன்னா வால்வு மூடாது. பக்கத்துல ஆளுங்க நிப்பாங்க."

போர்டை வாங்கிப் பார்த்தேன். ரிப்பேர்காரன் இல்லை... நான்தான்! அந்த இணைப்பை டிசைனில் போட மறந்திருந்தேன். போர்டு கைக்கு வந்த பிறகே தெரிந்தது. யாரிடமும் சொல்லாமல் அடியில் ஒரு ஒயரைப் பற்றவைத்துக் கொடுத்துவிட்டேன். ஃபைலைத் திருத்தவில்லை. எங்கும் எழுதி வைக்கவும் இல்லை.

ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவர் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

கோட்டைப் போட்டு அனுப்பினோம். அவசர ஆர்டரில் போர்டு வந்ததும் பங்காருபாளையம் ஓடினோம். தொட்டியில் வெறும் தண்ணீர் ஊற்றி, வேண்டுமென்றே சூட்டை ஏற்றினோம். வரம்பைத் தாண்டியது. எல்லோரும் தள்ளி நின்றோம். ஒரு விநாடி... இரண்டு...

டக்! வால்வு மூடிக்கொண்டது.

"அம்மய்யா!" என்று நிம்மதியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார் நாகராஜ். அவரிடமும் நடந்ததைச் சொன்னேன். என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு லாரிகளை உள்ளே விடச் சொல்லிவிட்டுப் போனார்.

அதே போர்டு, அதே ஒயரோடு, இன்னும் மூன்று ஃபேக்டரிகளில் ஓடுகிறது. மறுநாள் மூவருக்கும் நானே போன் செய்து, அடியில் உள்ள ஒயரைப் பற்றிச் சொன்னேன். இரண்டு பேர் நன்றி சொன்னார்கள்.

மூன்றாமவர் கேட்டார்: "இத்தினி வருஷம் இதைச் சொல்லாம எப்பிடி சார் தூங்கினீங்க?"

நன்றாகத்தான் தூங்கினேன். அதுதான் இப்போது பயமாக இருக்கிறது.