பக்கத்து சீட்டில் இருந்தவர்

ரோமானியாவில் நான் இருக்கிற ஊரில், பஸ் ஒரு தேவாலயத்தைத் தாண்டும்போதெல்லாம் பாதிப் பேர் சிலுவை போட்டுக்கொள்வார்கள். பேச்சை நிறுத்துவதில்லை, ஃபோனை வைப்பதில்லை. ஒருமுறை ஓர் அம்மா சமையலுக்கு வாங்கிய லீக்ஸ் கட்டு கையில் இருக்க, அதோடேயே நெற்றி, நெஞ்சு, தோள் எல்லாம் தொட்டு முடித்தார். இலங்கையில், எங்கள் வத்தேகம பஸ்ஸில் புத்தர், பிள்ளையார், அந்தோனியார் மூவரும் கலர் லைட்டுக்கு நடுவில் டிரைவருக்கு முன்னால் இருப்பார்கள். கண்டி போய்ச் சேரும் பொறுப்பை அவர்களிடம் விட்டுவிட்டு நாங்கள் தூங்குவோம். இங்கே பயணிகள்தான் வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

நானும் போட ஆரம்பித்தேன். பக்தியால் இல்லை, கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளத்தான். தூரத்தில் ஒரு குவிமாடம் தெரிந்தாலே என் கை முந்திக்கொள்ளும். அப்படி ஒருநாள் போட்டபோது பக்கத்தில் இருந்த பெண் என்னவோ சொன்னார். பாராட்டுகிறார் என்று நினைத்து இன்னொரு தடவை, இன்னும் பெரிதாகப் போட்டேன். பஸ்ஸே சிரித்தது. என்னோடு பாண் ரொட்டி சுடும் தொழிற்சாலையில் வேலை செய்யும், கலகெதர ஊர்க்காரன் நவாஸ்தான் விஷயத்தைச் சொன்னான். நான் கும்பிட்ட குவிமாடம் காய்கறிச் சந்தையாம். "முட்டைக்கோவாவுக்கும் கரட்டுக்கும் கும்பிட்டிருக்கிறாய் மச்சான்," என்றான். ஒரு கிழமை, ஏழு நாளும் அதையே சொல்லிச் சிரித்தான்.

அம்மாவும் சிரிப்பார் என்று வாட்ஸ்அப்பில் சொன்னேன். சிரிக்கவில்லை. "ஏன், சந்தையில அவரு இல்லையா? நான் அவருகிட்ட கேட்டுத்தான் தேங்காயே தட்டிப் பாக்குறேன்," என்றார்.

அம்மா அப்படித்தான். ஆண்டவர் எங்கள் வீட்டில் வந்து தங்கி, திரும்பிப் போக மறந்துவிட்ட சொந்தக்காரர். அடுப்பு பற்றாவிட்டால் அவரிடம் முறைப்பாடு. பஸ் நேரத்துக்கு வந்தால் அவருக்கு நன்றி. உலையில் போடுமுன் அரிசியில் விரலால் ஒரு சிலுவை. நான் ஓ.எல். பரீட்சையோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், வாய் மட்டும் நீளம். சீனி டின் காலியான ஒருநாள், யார் எடுத்ததென்று அவரிடமே கேளுங்களேன் என்றேன். அம்மா அடுப்பை விட்டுத் திரும்பவேயில்லை. "கேட்டேன். ஒன் மோவாயைத் தொடைச்சுக்கச் சொன்னாரு."

சந்தைக் கதை சொன்ன அன்றைக்கே தங்கச்சி ஃபோனை வாங்கி வெளியே கொண்டுபோய் மெதுவாகச் சொன்னாள். அம்மாவுக்கு வயிற்றில் கட்டி, பெரியது. வருகிற செவ்வாய் பேராதனை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். எனக்குச் சொல்ல வேண்டாம் என்று அம்மா தடுத்திருந்தார். நான் லீவு கேட்டேன். இப்போது போனால் விசா போய்விடும், திரும்ப வர முடியாது என்றார்கள். போகிறேன் என்று நின்றேன். வந்தால் கட்டிலை விட்டு எழும்பி அடிப்பேன் என்றார் அம்மா.

செவ்வாய்க் காலை, வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஃபோன் அடித்தது. தியேட்டருக்குக் கொண்டுபோகிறார்கள். வளையல், தாலி, செபமாலை எல்லாவற்றையும் கழற்றித் தங்கச்சி கையில் கொடுத்தாயிற்று. பேச இரண்டு நிமிடம்தான்.

"தம்பி, காலையில இருந்து ஆண்டவரக் கூப்பிடுறேன். அவரு இருக்க மாதிரியே தெரியலடா."

அம்மா அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. செபம் தெரிந்தவனாக இருந்தால் செபம் சொல்லியிருப்பான். எனக்குக் கேலி மட்டும்தான் வரும்.

"இங்கதாம்மா இருந்தாரு, என் பக்கத்து சீட்டுல. இப்பதான் எறங்கிப் போறாரு, பேராதனைக்கு."

 அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்.

"டிக்கட்டு எடுத்தாரா?"

"இல்ல. ஒங்க பேரச் சொன்னாரு, விட்டுட்டாங்க."

அம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஃபோனை வாங்கிவிட்டார்கள்.

நான் பக்கத்து சீட்டைப் பார்த்தேன். உண்மையிலேயே காலியாக இருந்தது. விளையாட்டுக்குச் சொன்னதுதான், ஆனாலும் அதில் கை வைக்கப் பயமாக இருந்தது. இத்தனை வருடம் அம்மா பேசிக்கொண்டிருந்த ஆளிடம் அன்றைக்குத்தான் நான் முதல் தடவையாகப் பேசினேன். ஓடுங்க, நேரமாகுது என்றேன்.

பகல் சாப்பாட்டு நேரத்தில் தங்கச்சியின் செய்தி வந்தது. கட்டியை எடுத்துவிட்டார்கள். அம்மா கண் திறந்து முதலில் சொன்னது, "அவன்கிட்ட சொல்லு, வந்துட்டாருன்னு."

வார்டில் ஒரு கட்டிலுக்கு, துணைக்கு வந்தவர் உட்கார, ஒரு கதிரைதான் போடுவார்கள். மகன் இருக்க வேண்டிய கதிரை அது. அன்றைக்கு என் கதிரையில் அவர் இருந்தார். நான் இங்கே மாவு அப்பிய கையோடு அடுத்த பாண் தட்டை இழுத்தேன்.